எந்தக் கட்டமும் காலியாக விடக்கூடாது

திருமூர்த்தி தன் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு மனுதாரரைக்கூட இரண்டாம் முறை அலைய விட்டதில்லை. நல்லாம்புதூரில் வேறெந்த அரசு அலுவலரைப் பற்றியும் இப்படி ஒரு பேச்சு கிடையாது. ரேஷன் கார்டுக்கு நாலு நடை, பட்டாவுக்கு நாற்பது நடை நடந்தவர்கள்கூட, ‘இடம் மாறிய திசுக்கள் பிரிவு’ என்று போர்டு தொங்கும் மாடி அறைக்குப் போய்விட்டு வந்தால், "அந்த மனுசன் ஒரே நடையில முடிச்சுக் குடுத்துட்டாருங்க" என்பார்கள். அதைக் கேட்கும்போது திருமூர்த்திக்கு ரொம்பப் பெருமையாக இருக்கும். முகத்தில் காட்டமாட்டார். முகத்தில் எதையும் காட்டுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அந்தப் பெருமைதான் கடைசியில் அவர் தங்கச்சியின் நுரையீரல் வரை போய்ச் சேர்ந்தது. எப்படி என்று சொல்வதற்கு வாட்ச்மேன் ஊசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சர்க்கார் அந்த ஊசிக்கு வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். ஜனங்கள் வாட்ச்மேன் ஊசி என்றார்கள். ஆயுளுக்கும் ஒரே ஊசி. ரத்தத்தில் மிதக்கிற அளவுக்குப் பொடிப்பொடியான இயந்திரங்கள் அதில் சில கோடி இருக்கும். அவற்றுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. உடம்பில் எதிர்ப்படுகிற செல்லை எல்லாம் நிறுத்தி, எந்த ஊர் என்று விசாரிக்கும். ஈரல் செல் ஈரலில் இருந்தால் சரி, போகலாம். ஈரல் செல்லுக்கு மூளைப் பக்கம் என்ன வேலை என்று சந்தேகம் வந்தால் அங்கேயே கரைத்துவிடும். கேன்சர் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் போவதால்தான். போக விடாமல் பண்ணிவிட்டால், முளைத்த இடத்தில் வெட்டி எடுத்துவிட்டு மறுவாரம் வேலைக்குப் போகலாம். ஊசி வந்த ஐந்தாம் வருஷமே கேன்சர் என்பது லீவு லெட்டரில் எழுதுகிற வியாதி ஆகிவிட்டது.

எல்லாருக்கும் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்குமா என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பிறக்கும்போதே இடம் மாறிப் பிறந்த சதை சிலருக்கு இருக்கும். அடுத்தவர் கொடுத்த உறுப்பை வைத்துக்கொண்டு ஓடியாடுகிறவர்கள் இருப்பார்கள். வாட்ச்மேனுக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் அனுமதி அட்டை கொடுக்க வேண்டியதாயிற்று. அட்டை வாங்க ஒன்பதாம் நம்பர் படிவம். அதில் உடம்பை நாற்பத்து நான்கு இடங்களாகப் பிரித்து நாற்பத்து நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். படிவத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்: எந்தக் கட்டமும் காலியாக விடக்கூடாது.

பிரிவு தொடங்கிய வருஷம் முதலில் வந்தவர்களில் டெய்லர் ஆறுச்சாமியும் ஒருவர். அவருக்குத் தைராய்டு கழுத்தில் இல்லை, நாக்கின் அடியில் இருந்தது. திருமூர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து நாக்கு என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதினார். மீதி நாற்பத்து மூன்றிலும் ‘இல்லை’. விதிப்படி வேலை சுத்தம். ஆனால் ஆறுச்சாமிக்கு நெஞ்சுக்குள் இன்னொரு துணுக்குத் தைராய்டு இருந்திருக்கிறது. பாதிக்கு மேல் வேலை பார்த்தது அதுதான். ஸ்கேன் எடுத்தவருக்கு அது கண்ணில் படவில்லை, வாட்ச்மேனுக்குப் பட்டது. தைராய்டு குறைந்தால் குளிரெடுக்கும், சித்திரை வெயிலில் ஆறுச்சாமி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தார். தைத்துக்கொண்டே தூங்கினார். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஆடியில் செத்துப்போனார். திருமூர்த்தி மாலை வாங்கிக்கொண்டு போனார், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அவர் மேஜைக்கு வந்த மனு அவர் சொந்தத் தங்கச்சியுடையது. கோகிலவாணி. பெயர் வைத்தபோது அவள் குரல் எப்படி வரும் என்று அப்பா அம்மாவுக்குத் தெரியாது. நாக்கின் அடியில் தைராய்டு ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் குந்தியிருந்ததால், வாயில் வெல்லக்கட்டியை ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுவதுபோல அவள் குரல் கொழகொழவென்று இருக்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் நல்லாம்புதூர் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர் ஆனாள். மெஷின் குரல் ஒரு வருஷம் போட்டுப் பார்த்தார்கள். "அது பொய் சொல்லுமுங்க, கோகிலாம்மிணி சொன்னாத்தான் பஸ்ஸு வரும்" என்று ஜனங்கள் நகராமல் நின்றதால் அவளுக்கே வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆறுச்சாமியின் ஸ்வெட்டர் திருமூர்த்தியின் கண்ணிலேயே நின்றது. தங்கச்சிக்கு வேறெங்கே ஒரு துணுக்கு ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டார்கள். பேனாவை எடுத்தார். நாற்பத்து நான்கு கட்டங்களிலும் ‘உண்டு’ என்று எழுதினார். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. காலிக் கட்டம் இருந்தால்தான் அது கத்தும்.

அதற்கடுத்த மனுவில் அவருக்கு ஒரு தர்மசங்கடம் வந்தது. தங்கச்சிக்கு ஒரு நியாயம், ஊராருக்கு ஒரு நியாயமா. அதனால் அடுத்தவருக்கும் எல்லாக் கட்டத்திலும் ‘உண்டு’ என்றே எழுதினார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முன்னூற்றுப் பதினாறு பேர். அவருக்குக் கீழே வேலை பார்த்த மிருதுளா என்ற பெண், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஸ்கேன் எங்கே என்று கேட்டு மனுதாரரை உட்கார வைப்பாள். "எதுக்கு அம்மிணி மனுசங்களை இம்சை பண்றே" என்று ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

நடுவில் அவருக்கே ஒரு மனு தேவைப்பட்டது. நாற்பத்தோராம் வயசில் இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், கோகிலா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். "ஒண்ணு இருந்தா எனக்குப் போதும்ணா, எனக்கென்ன, உக்காந்து பேசற வேலை" என்றாள். சட்டப்படி ஒரு சதை யார் உடம்பில் பிறந்ததோ அவர்தான் அதற்குச் சொந்தக்காரர், அவர் செத்திருந்தால்தான் வாங்கியவர். ஆக கிட்னி அண்ணனின் வயிற்றில் இருந்தாலும் அனுமதி தங்கச்சியின் அட்டையில்தான். ஒரு ஆளுக்கு ஒரே அட்டை. முதல் பக்கம் தைராய்டு, இரண்டாம் பக்கம் கிட்னி. இரண்டிலும் கையெழுத்து சி. திருமூர்த்தி.

இதெல்லாம் பழைய கதை. இந்த வருஷம் தை மாசம் கோகிலாவுக்கு இருமல் வந்தது. அறிவிப்புக்கு நடுவில் இருமினாள். "சத்தியமங்கலம் போறவங்க" என்று சொல்லி நிறுத்தி இருமியதில், சத்தியமங்கலம் போகிறவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். பிறகு இடுப்பு வலித்தது. பிறகு கைக்குட்டையில் ரத்தம்.

டாக்டர் நஸ்ரினுக்கு முப்பத்து நாலு வயசு. அவள் திருமூர்த்தியை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டாள்.

"தைராய்டு கேன்சர் சார்" என்றாள்.

"கழுத்துல ஒண்ணும் இல்லீங்களே."

"கழுத்துல அவங்களுக்குத் தைராய்டே இல்லையே. குழந்தை வயித்துல உருவாகறப்ப தைராய்டு நாக்கோட அடியிலதான் முளைக்கும். அப்புறம் மெதுவா எறங்கிக் கழுத்துக்கு வந்து சேரும். சிலருக்கு அது கெளம்பறதே இல்லை, முளைச்ச எடத்துலயே உக்காந்துக்கும். இவங்களுக்கு அப்படி உக்காந்ததுல இப்பக் கேன்சர்."

"சரிங்க. வெட்டி எடுத்துட்டாப் போச்சு. மறுவாரம் வேலைக்கு வந்துருவாளுங்களா?"

நஸ்ரின் திரையைத் திருப்பிக் காட்டினாள். நுரையீரலில் மூன்று புள்ளி, இடுப்பெலும்பில் ஒன்று.

"பரவியிருக்கு" என்றாள்.

அந்த வார்த்தையை வியாதியைப் பற்றி யாரும் சொல்லி திருமூர்த்தி இருபது வருஷமாகக் கேட்டதில்லை. நஸ்ரினும் சொன்னதில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"நான் படிக்கறப்ப இது ஹிஸ்டரி பாடத்துல இருந்துச்சு சார். பரிட்சைக்கு வராதுன்னு விட்டுட்டோம். முன்னாடி இதுக்கு அயோடின் மருந்து ஒண்ணு இருந்திருக்கு. நல்லா கேட்டிருக்கு. பரவறதே நின்னுபோச்சுன்னு அதைச் செய்யறதையும் நிறுத்திட்டாங்க. மியூசியத்துல கேட்டாத்தான் உண்டு."

"வாட்ச்மேன் என்னுங்க பண்ணுச்சு?"

"அதைத்தான் நானும் பார்த்தேன். வாட்ச்மேன் எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது. நுரையீரல்ல இந்தச் செல்லைப் பிடிச்சு, நீ எந்த ஊருன்னு கேட்டிருக்கு. அது அனுமதியைக் காட்டியிருக்கு. நுரையீரல், உண்டு. எலும்பு, உண்டு. மூளைக்குப் போனாலும் உண்டு. நாப்பத்து நாலு எடத்துக்கும் உண்டு. விட்டுருச்சு." நஸ்ரின் திரையில் அட்டையைப் பெரிதாக்கினாள். "அட்டையில கையெழுத்து உங்களுது சார்."

"ஆமாங்க" என்றார் திருமூர்த்தி.

மேஜையில் இருந்த நுரையீரல் பொம்மையை எடுத்து, திருப்பிப் பார்த்து, வைத்தார். இருபத்திரண்டு வருஷம் பெருமைப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பயம் இருந்தது.

"அட்டையைத் திருத்திட்டா போதும்" என்றாள் நஸ்ரின். "நாக்கைத் தவிர மத்த எடத்துல இல்லைன்னு மாத்திக் குடுங்க. பத்தே நாள்ல வாட்ச்மேன் நுரையீரலைத் துடைச்சுரும்."

விதி என்று வந்துவிட்டால் திருமூர்த்திக்குத் தெளிவு வந்துவிடும். அவர் அவளுக்கு விளக்கினார். "சதை நல்லா இருந்தாச் சின்ன மனு குடுத்தே கட்டத்தைக் கொறைச்சுக்கலாமுங்க. வியாதி கண்டுட்டா அப்படி முடியாது. அலுவலர் தப்புன்னு பிழை திருத்த மனு போடோணும். போட்ட நிமிசமே அந்த அலுவலர் கையெழுத்துப் போட்ட அட்டை அத்தனையும் நிறுத்தி வெச்சுருவாங்க, விசாரணை முடியறவரைக்கும். நான் போட்டது முன்னூத்திப் பதினாறு. அதுல ஈரல் மாத்தினவங்க இருக்கறாங்க. இதயம் மாத்தின ஒரு வாத்தியாரு இருக்கறாரு. நிறுத்தினா அன்னைக்கே வாட்ச்மேன் வேலையை ஆரம்பிச்சுரும்."

"வேற வழியே இல்லீங்களா?"

"இருக்குதுங்க. அவளே அட்டை வேண்டாம்னு சரண்டர் பண்ணலாம். யாரையும் கேக்க வேண்டியதில்ல. மூணு நாள்ல ரத்தாயிரும். உங்களுக்கு அது போதுமுங்களா?"

நஸ்ரின் யோசித்தாள். "போதும். முதல்ல நாக்கடியில இருக்கறதை முழுசா எடுத்துருவேன். புண்ணு ஆறினதும் சரண்டர். மிச்சத்தை வாட்ச்மேன் பார்த்துக்கும். தைராய்டுக்குப் பதிலா தினம் ஒரு மாத்திரை. அவங்க பொழைச்சுக்குவாங்க சார். இவ்வளவு சுலபமா இருக்குது, நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

"சுலபந்தானுங்க" என்றார் திருமூர்த்தி. "சரண்டர் பண்ணினா முழு அட்டையும் போயிரும். ரெண்டாம் பக்கமும் சேர்ந்து. மறுபடி வாங்கத் தொண்ணூறு நாளாகுமுங்க."

"ரெண்டாம் பக்கத்துல என்ன இருக்கு?"

அவர் தன் சட்டையின் வலது கீழ்ப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

நஸ்ரின் திரையில் இரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு, "அவங்களுக்குத் தெரிஞ்சா கையெழுத்துப் போடமாட்டாங்க" என்றாள்.

"தெரியாதுங்க. அவ எதையும் படிச்சுப் பார்க்கமாட்டா. நான் இருக்கறனல்ல, படிக்கறதுக்கு. அது உள்ள கரையறதுக்கு முன்னால நீங்களே எடுத்துருங்க. எனக்கு டயாலிசிஸ் பழக்கந்தான், முன்னால ரெண்டு வருசம் பண்ணியிருக்கறேன். அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"எடுத்ததை என்ன பண்ணட்டும்?"

"உங்க விதி என்ன சொல்லுதோ அப்படிப் பண்ணுங்க" என்று எழுந்துவிட்டார். ரேஷன் கடைக்குப் போகிறவர்போல நிதானமாகத்தான் வெளியே போனார்.

கோகிலாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு மாசம் கழித்து சரண்டர் படிவத்தோடு அவள் வீட்டுக்குப் போனார். அவள் புருஷன் டயர் கடைக்குப் போயிருந்தான். கோகிலா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கட்டு பிரித்த பிறகு அவள் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"வாண்ணா, உக்காரு."

கண்ணாடித் தம்ளரில் ஸ்பூனைத் தட்டியதுபோல் சுத்தமான குரல். இந்தக் குரலில் அவளை அவர் அறிந்ததே இல்லை. யார் வீட்டுக்கோ வந்துவிட்டாற்போல இருந்தது.

"என்ன, இப்படிப் பாக்கறே? எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குது. எம் புள்ளை கூடப் போன்ல, ராங் நம்பர்னு வெச்சுட்டா. என்ன காயிதம் அது?"

"அட்டை இனி வேண்டாம்னு எழுதிக் குடுக்கறது. டாக்டரம்மா சொல்லலையா?"

"சொன்னாங்க. நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்பக் குடு."

படிவத்தின் பின்பக்கத்தில், அட்டையின் எல்லாப் பக்கமும் சேர்ந்தே ரத்தாகும் என்கிற பன்னிரண்டாம் விதி இருந்தது. திருமூர்த்தி படிவத்தை மேஜையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, பறந்துவிடும் என்பதுபோல. அவள் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

"எல்லாக் கட்டமும் ரொப்பியாச்சா? இல்லாட்டி உங்க ஆபீஸ்ல திருப்பி அனுப்பிச்சுருவாங்கல்ல" என்று சிரித்தாள்.

"எங்க ஆபீஸ்ல நான் யாரையும் திருப்பி அனுப்பினதில்ல" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் லேசாகத் தட்டியது. அவள் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

சென்னையில் பத்து நாள் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போய், ஈரோட்டில் நஸ்ரின் சொன்ன ஆஸ்பத்திரியில் கிட்னியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்பதற்கு ஆளில்லாத வீடு அவருடையது. ஜாதகத்தில் ஏதோ ஒரு கட்டம் சரியில்லை என்று தள்ளித் தள்ளிப் போட்டதில் கல்யாணம் நடக்காமலே போயிருந்தது. பன்னிரண்டாம் நாள் நஸ்ரின் போன் பண்ணினாள். கோகிலாவின் நுரையீரல் சுத்தம், எலும்பும் சுத்தம். திருமூர்த்தி போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்.

போன முதல் நாளே பழைய பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். கோகிலாவைக் கழித்தால் முன்னூற்றுப் பதினைந்து பேர். சதை நல்லபடியாக இருக்கும்போதே ஒவ்வொருவரும் தானாக வந்து சின்ன மனு கொடுக்க வேண்டும். அத்தனை பேரும் கட்டத்தைக் குறைத்துக்கொண்ட பிறகு தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணி, அந்தப் பிழை மனுவைத் தேதி போடாமல் எழுதி இழுப்பறையில் வைத்தார். பிறகு ஒவ்வொருவராகப் போன் பண்ணினார்.

"ஒருக்கா வந்துட்டுப் போங்க. ஸ்கேன் எடுத்துக்கிட்டு வாங்க."

"ஏனுங்க, ஒரே நடைன்னு சொன்னீங்களே?"

"சொன்னேனுங்க. நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன். வாங்க."

இதயம் மாற்றிய வாத்தியார் மட்டும் கோபமாக வந்து, அரசாங்க ஆபீஸில் நல்லவன் என்று ஒருத்தன் இருந்தான், அவனும் கெட்டுப்போய்விட்டான் என்று மாடியே கேட்கும்படி திட்டினார். திருமூர்த்தி கேட்டுக்கொண்டார். மிருதுளா ஒவ்வொரு கட்டமாக ஸ்கேனோடு ஒத்துப் பார்த்தாள். ஓர் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் இந்தத் தடவை ஃபைலைத் தன் பக்கம் இழுக்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி அவருக்கு டயாலிசிஸ். காலை எட்டு பத்து ஈரோடு பஸ். பஸ் ஸ்டாண்டில் கோகிலா மறுபடி மைக்கில் உட்கார்ந்திருந்தாள். புதுக் குரலை ஜனங்கள் நம்பவில்லை. மறுபடியும் மெஷினைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அவள் தெளிவாகச் சொன்ன பஸ்ஸில் ஏறாமல் நின்றார்கள். அவள் அறிவிப்புக் கூண்டிலிருந்து இறங்கி வந்து, "நாந்தானுங்க கோகிலா, ஏறுங்க" என்று பிளாட்பாரம் பிளாட்பாரமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் பழைய குரலை நினைத்துத் திருமூர்த்திக்கு ரொம்ப ஏக்கமாக இருந்தது.

"வாரத்துக்கு மூணு நாளு ஈரோட்டுல என்னண்ணா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"விசாரணை" என்றார். தன்னைத் தானே விசாரித்துக்கொண்டுதானே இருக்கிறோம், முழுப் பொய்யில்லை என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு?"

"சொல்ல முடியாது."

அடுத்த வியாழக்கிழமை, எட்டு பத்து பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஒலிபெருக்கி பேசியது. "நாலாவது பிளாட்பாரத்துல ஈரோடு வண்டி கெளம்புது. ஈரோடு போறவங்க கையோட ஒரு போர்வை எடுத்துக்குங்க. அங்க உக்கார்ற எடத்துல ரொம்பக் குளிருமுங்க."

பங்குனி மாசம். பஸ்ஸில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மெஷின் சரியில்லை என்றார் பின் சீட்டுக்காரர். ஆனால் டயாலிசிஸ் அறையில் குளிர்ந்தது உண்மை. ஆறுச்சாமியின் ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை திருமூர்த்தி ஒரு போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஒலிபெருக்கி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மிருதுளா ஒரு ஃபைலைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். இன்வார்டில் பதிவாகி, மருத்துவக் குழு பார்த்து, கள விசாரணை முடிந்து, கடைசி ஒப்புதலுக்கு அவரிடம் வருகிற வழக்கமான ஃபைல். தொண்ணூறு நாள் பிடிக்கிற வேலை.

மனுதாரர்: கோ. கோகிலவாணி. திசு: சிறுநீரகம், ஒன்று. இருக்கப்போகும் உடம்பு: சி. திருமூர்த்தி, உடன்பிறந்த அண்ணன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். கூடவே நஸ்ரினின் சான்றிதழ் இருந்தது. மேற்படி சிறுநீரகம் எடுத்த நாளிலிருந்து குளிர்பெட்டியில் உயிரோடு இருக்கிறது, பெட்டி தாங்குவது நூறு நாள், இவ்வகைப் பெட்டி நம் மாவட்டத்துக்கு வந்து ஒரு வருஷமே ஆகிறது. மனு கொடுத்த தேதியைப் பார்த்தார். அவர் வயிற்றைத் திறந்த நாளிலிருந்து நாலாவது நாள். பழைய அட்டை ரத்தானதற்கு மறுநாள். இன்று தொண்ணூற்று மூன்றாவது நாள்.

படிவம் முழுக்க கோகிலாவின் கையெழுத்து. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படிவத்தை அவளே படித்து நிரப்பியிருக்கிறாள். நாற்பத்து மூன்று கட்டங்களில், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக, ‘இல்லை’ ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். வலது அடிவயிறு என்ற ஒரே கட்டத்தில் ‘உண்டு’.

போனை எடுத்து பஸ் ஸ்டாண்டைக் கூப்பிட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ சென்னைக்குப் போறேன்னு சொல்லிட்டு எட்டு பத்து ஈரோட்டுல ஏறினியே, கண்டக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு" என்றாள் அந்தப் புதுக் குரலில். "சென்னை வண்டி எத்தனை மணிக்குன்னு எங்கிட்டயே மறைக்கப் பாக்கறே. டாக்டரம்மாவைப் புடிச்சு உலுக்கினேன், சொல்லிட்டாங்க."

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா, எனக்கு வேண்டாம், உனக்கு மறுபடி எதாச்சும் வந்துரும்னு நீ மனுவை நடுவுலயே நிறுத்திப்போடுவே. அதுவும் போவ, நீ மட்டுந்தான் மறைப்பியா? படிச்சேன்னு சொன்னியேண்ணா. உன்னை நம்பித்தானே போட்டேன். எனக்கு அது ஆறவே மாட்டேங்குது." அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. "பாரத்துல ஒரு கட்டம் காலியா இருக்குது, பாத்தியா?"

பார்த்தார். கடைசிப் பக்கத்தில் அடியில் இருந்தது. பெற்றுக்கொள்பவரின் சம்மதம், கையொப்பம்.

"அதை நான் ரொப்ப முடியாது. மருத்துவக் குழுவுல திருப்பி அனுப்பப் பாத்தாங்க. கடைசி மேஜையில ரொப்பிக்குவாங்கன்னு சொல்லி வெச்சேன். இரு, கோயமுத்தூர் வண்டி வந்துருச்சு" என்று போனை வைத்துவிட்டாள்.

மிருதுளா நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க சார், எதாச்சும் குறையா?"

"ஒரு கட்டம் காலியா இருக்குது அம்மிணி."

"அப்பத் திருப்பி அனுப்போணுமுங்களா?"

"அனுப்பினா எங்கிட்டத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, திருமூர்த்தி கையெழுத்துப் போட்டார். கண்ணில் நீர் நிறைந்து எழுத்து இரண்டு மூன்றாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு தேதியும் போட்டார். ஒப்புதல் அளிப்பவர் என்ற இடத்தில் அவர் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஃபைலை மூடி அவளிடமே கொடுத்தார்.

"இதுல ஒப்புதல் நீ போடு. நான் பாக்கக்கூடாது."

"நான் போட்டா லேட்டாகுமுங்க சார். நாப்பத்து நாலு கட்டத்துக்கும் ஸ்கேன் ஒத்துப் பாக்கோணும்."

"பாரு. ஒண்ணு விடாமப் பாரு. நான் வெளிய உக்காந்திருக்கறேன்."

வராந்தாவில் மனுதாரர்களுக்குப் போட்டிருந்த மர பெஞ்சில் இருபத்திரண்டு வருஷத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. மெஷினில் டோக்கன் எடுத்தார். பதினேழு. பக்கத்தில் ஒரு பெரியம்மா மடியில் ஸ்கேன் உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முன்னூற்றுப் பதினைந்தில் யாரோ ஒருத்தி.

"என்ன பண்றதுங்க தம்பி" என்று அவளாகப் பேச்சுக் கொடுத்தாள். "இங்கெல்லாம் ஒரே நடையில முடிச்சுக் குடுத்துருவாங்கன்னாங்க. இப்ப மறுக்கா வரச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு இது எத்தனாவது நடை?"

"ரெண்டாவதுங்க" என்றார் திருமூர்த்தி.